மார்கழி லீவு: அமெரிக்காவில் மேற்படிப்பு படிப்பவர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் எஃப்-1 மாணவர் விசா ஆகஸ்டில் முடிந்துவிட்டது. பல்கலைக்கழகம் தந்த ஐ-20 சான்று இன்னும் இரண்டு வருடத்துக்கு இருக்கிறது. தை பிறந்ததும் அக்காவுக்குக் கல்யாணம். போய் வரலாமா?

பதில்: அமெரிக்காவுக்குள் இருக்கிறவரை விசா முடிந்துபோனதால் ஒரு குறையும் இல்லை. படிப்பும் ஐ-20-யும் ஒழுங்காக இருந்தால் போதும். வெளியே போனால்தான் கதை மாறும். திரும்பி நுழையப் புது விசா வேண்டும். ‘டிராப் பாக்ஸில் போட்டால் வேலை முடிந்தது’, அதாவது நேர்காணல் இல்லாமல் பாஸ்போர்ட்டைப் போட்டே விசா வாங்கிவிடலாம் என்று சீனியர்கள் சொல்வதை இனி நம்பாதீர்கள். 2025 செப்டம்பர் 2 முதல் நேர்காணல் விலக்கு மாணவர்களுக்குப் பெரும்பாலும் கிடையாது. சென்னையில் அண்ணா மேம்பாலம் அருகே உள்ள துணைத் தூதரகத்துக்கு நேரில் போய்த்தான் ஆகவேண்டும். அங்கே 221(ஜி) என்று ஒரு தாளைக் கொடுத்துக் கூடுதல் பரிசீலனைக்கு நிறுத்திவைத்தால் வாரக்கணக்கில் இழுக்கலாம். அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி மாணவர்கள் பலர் இதில் மாட்டியிருக்கிறார்கள். ஆகவே முதலில் நேர்காணலுக்கான ஸ்லாட், அப்புறம்தான் டிக்கெட். ஸ்லாட் கையில் இல்லையென்றால் கிளம்பாதீர்கள் என்றுதான் சொல்வேன், சொந்த அக்கா கல்யாணமே ஆனாலும்.

ஐ-20-யின் இரண்டாம் பக்கத்தில் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகம் போடும் பயணக் கையெழுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள். நீங்கள் திரும்பி வரும் நாளில் அதற்கு ஒரு வருடம் தாண்டியிருக்கக் கூடாது. கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவில் பல பல்கலைக்கழகங்களில் அந்த அலுவலகமே பூட்டிக் கிடக்கும்.

நம்மூர் இந்துக் குடும்பங்களுக்கு இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. இங்கே விடுகிற லீவு அப்படியே மார்கழியில் விழுகிறது. லீவில் போனால் கல்யாணம் இருக்காது. கல்யாணத்துக்குப் போனால் வகுப்பு தொடங்கியிருக்கும். டீச்சிங் அசிஸ்டென்ட் என்றால் முதல் வாரத்துக்கு உங்கள் இடத்தில் யார் நிற்பது என்பதையும் இப்போதே பேசி முடியுங்கள்.

கேள்வி: ‘பிரேக்கை நன்றாக அனுபவி’ என்கிறார் என் அட்வைசர். ஆனால் லேபில் எல்லோரும் வேலை செய்துகொண்டே இருக்கிறார்கள். நான் எத்தனை நாள் லீவு எடுக்கலாம்?

பதில்: காலண்டரில் போட்டிருக்கும் அந்த நான்கு வாரம் பெரும்பாலும் இளங்கலைப் பிள்ளைகளுக்கானது. ரிசர்ச் அசிஸ்டென்டாக டிசம்பர், ஜனவரிக்கும் சம்பளம் வாங்குகிறவருக்கு வகுப்பு இல்லையே தவிர வேலை உண்டு. சில இடங்களில் ஆண்டுக்கு இத்தனை நாள் என்று நியமனக் கடிதத்திலேயே இருக்கும். முதலில் அதை எடுத்துப் படியுங்கள். இல்லாவிட்டால் அட்வைசர் வைத்ததுதான் சட்டம். அதனால் ‘லீவு எடுக்கலாமா சார்’ என்று மொட்டையாகக் கேட்டுவிட்டு நிற்காதீர்கள். ‘டிசம்பர் 20 முதல் ஜனவரி 6 வரை ஊரில் இருப்பேன். போவதற்கு முன் ஆய்வுக் கட்டுரைக்கான இந்த இரண்டு படங்களையும் முடித்துத் தருகிறேன். லேபில் வளரும் செல் கல்ச்சரை இன்னார் பார்த்துக்கொள்வார். வாரம் ஒருமுறை மெயில் பார்ப்பேன்’ என்று தேதியோடு எழுதி அனுப்புங்கள். இப்படி வந்த மெயிலுக்குப் பெரும்பாலும் ஒரு வரியில் ‘சரி’ வந்துவிடும். தினமும் மெயில் பார்ப்பதாக மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: மின்னியாபொலிஸில் மூன்று வாரம் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறேன். ஹீட்டரை அணைத்தால் பணம் மிச்சமாகுமா?

பதில்: அணைக்கவே கூடாது. குழாயில் தண்ணீர் உறைந்து வெடித்தால் கீழ்வீட்டுக்காரர் கூரையும் சேர்ந்து போகும். தெர்மோஸ்டாட்டை 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறக்காதீர்கள். சிங்க்குக்கு அடியில் உள்ள கதவுகளைத் திறந்து வைத்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: அம்மா பை நிறையக் கறிவேப்பிலை கட்டித் தருகிறார். கொண்டுவரலாமா?

பதில்: பச்சைக் கறிவேப்பிலைக்கு அனுமதி இல்லை. அது எலுமிச்சை, ஆரஞ்சு குடும்பத்துச் செடி. அதில் ஒட்டிவரும் ஒரு சிறு பூச்சி ஆரஞ்சுத் தோட்டங்களையே அழிக்கும் நோயைப் பரப்பும். ஃபுளோரிடாக்காரர்கள் இதில் சூடுபட்டவர்கள். சொல்லாமல் கொண்டுவந்து மாட்டினால் முதல் தடவையே 300 டாலர் அபராதம் போடலாம். சாம்பார் பொடி, பருப்புப் பொடி எல்லாம் தாராளமாக வரலாம். கைப்பையில் வைக்காமல் செக்-இன் பெட்டியில் போடுங்கள். என்ன இருக்கிறதோ அதைச் சுங்க அதிகாரியிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். கேட்டால் எடுத்துக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டலாம்.

கேள்வி: ரூம்மேட்கள் போய்விட்டார்கள். நாலரைக்கே இருட்டிவிடுகிறது. அம்மாவிடம் ‘நல்லா இருக்கேன்’ என்கிறேன். ஆனால் இல்லை.

பதில்: வெயில் இல்லாத நாட்டில் உடம்பும் மனசும் சோர்வது உங்கள் பலவீனம் அல்ல. பகல் பன்னிரண்டு மணிவாக்கில் கட்டாயம் வெளியே நடங்கள். காலையில் வெயிலுக்குப் பதிலாக வைக்கும் 10,000 லக்ஸ் பிரகாச விளக்கின் முன் அரை மணி நேரம் உட்காருவது பலருக்கு உதவுகிறது. சில பல்கலைக்கழக நூலகங்களில் இரவலாகவே தருகிறார்கள். இரண்டு வாரமாகத் தூக்கமும் பசியும் கெட்டிருந்தால் கவுன்சலிங் மையத்துக்குப் போங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் நேரம் பார்க்காமல் 988 என்ற உதவி எண்ணை அழையுங்கள். அம்மாவிடமும் கொஞ்சம் உண்மை சொல்லலாம். மின்னியாபொலிஸ் பக்கம் காலை எட்டு என்றால் ஊரில் அவருக்கு இரவு ஏழரை, சாவகாசமாகப் பேசுவார்.

கேள்வி: அட்வைசர் கிறிஸ்துமஸ் விருந்துக்குக் கூப்பிட்டிருக்கிறார். நான் சைவம்.

பதில்: போங்கள். சைவம் என்பதை இன்றே சொல்லிவிடுங்கள், முட்டை சாப்பிடுவீர்களா என்பதையும் சேர்த்து. ஒரு டப்பா எலுமிச்சைச் சாதம் கொண்டுபோனால் உங்களுக்கும் வயிறு நிறையும். 25-ஆம் தேதி பேருந்து மிகக் குறைவு, கடைகளும் மூடியிருக்கும். திரும்பி வர யார் வண்டி என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.