கொரோனா காலத்தில் சில பெரியவர்கள் கை கழுவவே மறுத்தது ஏன்?

பிடிவாதம் என்றுதான் எல்லோரும் சொன்னோம், ஆனால் பல வீடுகளில் அது மனச்சோர்வு. 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்ததும் கோயில், டீக்கடை பெஞ்ச், கல்யாண வீடு எல்லாம் ஒரே நாளில் நின்றுபோக, பல் தேய்க்கவே மனம் வராதவரிடம் போய் 20 நொடி சோப்புப் போட்டுக் கழுவுங்கள் என்றால் "இனி இருந்து என்ன ஆகப்போகுது" என்பார். எங்கள் பாட்டி அப்படித்தான், சோப்பு நனையாமலே கிடக்கும். நேர்மாறாகப் பயந்துபோய்க் கழுவிக்கொண்டே இருந்தவர்களும் உண்டு. வயதானால் தோல் மெலிந்து எண்ணெய்ப்பசை குறைந்துவிடுவதால் விரலிடுக்கு வெடித்து எரியும். திட்டி ஒன்றும் ஆகாது. சாப்பாட்டு நேரத்தில் நானும் பாட்டியோடு நின்று கழுவுவேன், துடைத்ததும் கொஞ்சம் தேங்காய் எண்ணெய், அப்புறம் பத்து நிமிஷம் ஊர்க்கதை. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் போயிருந்தால் மட்டும் காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.