சீல் மாற்றியும் கசிவு நிற்கவில்லையே?

கேள்வி: பின்சக்கர டிரைவ் உள்ள ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் செடான் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். என்ஜின் விசையைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் பக்கம் ஆயில் கசிகிறது. ஊருக்குள் ஓட்டினால் ஒன்றுமில்லை, சேலம் போய்த் திரும்பினால் மட்டும் மறுநாள் காலையில் போர்ட்டிகோவில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை. அதற்குள் நுழையும் தண்டைச் சுற்றி ஆயிலை அடைக்கும் பினியன் சீலை மாற்றி மூன்று மாதம்கூட ஆகவில்லை. இப்போது அதன் வெளிக்கூடான ஹவுசிங்கையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா? – வாசகர், தருமபுரி

பதில்: கொஞ்சம் பொறுங்கள். பாதி விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். ஊருக்குள் கசியாத வண்டி தொப்பூர் கணவாய் ஏறி வந்தால் கசிகிறது என்றால் என் முதல் சந்தேகம் பிரீதர் மேல்தான். லோடில் ஏறும்போது கிரவுன், பினியன் என்கிற இரண்டு பல்சக்கரங்களும் அழுத்தி உரசி ஆயில் சூடாகும், உள்ளே இருக்கிற காற்று விரியும், அது வெளியேறத்தான் அந்தச் சின்ன மூச்சுத்துளை. சில வண்டிகளில் ஹவுசிங்கின் மேல்பக்கம் இருக்கும், சிலவற்றில் பின்மூடியில். மண் அப்பி அது அடைத்துக்கொண்டால் காற்று சீலின் உதட்டைத் தள்ளிக்கொண்டு ஆயிலோடு வெளியே வரும், எத்தனை புது சீல் போட்டாலும் இதே கதைதான். முதலில் அதைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

அதற்கும் முன்னால், கசிவது கியர் ஆயில்தானா என்று மோந்து பாருங்கள். கியர் ஆயிலில் கந்தக வாடை மூக்கைப் பிடுங்கும், ஒருமுறை மோந்தவர் மறக்கமாட்டார். அந்த வாடை இல்லையென்றால் முன்னாலிருந்து என்ஜின் ஆயில் காற்றில் அடித்துக்கொண்டு பின்னால் வந்திருக்கலாம். தண்ணீர் மாதிரி மெலிசாக, சக்கரத்துப் பக்கம் ஈரமாக இருந்தால் அது பிரேக் ஆயிலாக இருக்கும், அப்படியானால் வண்டியை நகர்த்தவே வேண்டாம்.

அப்புறம் ஹவுசிங் முழுவதையும் பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்துக் காயவிட்டு, முகத்துக்குப் போடுகிற டால்கம் பவுடரைத் தூவி, 30 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வாருங்கள். சொட்டுகிற இடத்தைப் பார்க்காதீர்கள். ஈரம் தொடங்குகிற, எல்லாவற்றுக்கும் மேலே, முன்னால் இருக்கிற இடத்தைப் பாருங்கள். முன்னாலிருந்து வரும் நீளத் தண்டான புரொப்பல்லர் ஷாஃப்ட் வந்து சேர்கிற இடத்துக்கு நேர்மேலே, வண்டியின் அடித்தகட்டில் கோடு போட்ட மாதிரி ஆயில் தெறித்திருந்தால் பினியன் சீல். ஒரு பக்கத்து ஆக்ஸில் மட்டும் நனைந்திருந்தால் சைடு சீல். மூடியின் விளிம்பெல்லாம் ஈரம் என்றால் கேஸ்கெட், அது சின்ன வேலை. ஹவுசிங்கை மாற்ற வேண்டும் என்றால் அதில் விரிசலைக் கண்ணால் காட்டச் சொல்லுங்கள்.

பிரீதர் சுத்தமாக இருந்து, மறுபடியும் பினியன் சீல்தான் என்று தெரிந்தால், அந்தத் தண்டை டிஃபரன்ஷியலோடு இணைக்கும் ஃபிளேஞ்சில் சீல் உட்காரும் இடத்தை நகத்தால் வருடிப் பார்க்கச் சொல்லுங்கள். நகம் மாட்டுகிற பள்ளம் இருந்தால் அங்கே எந்த சீலும் நிற்காது. பினியன் நட்டைக் கழற்றுமுன் அது இருந்த இடத்தைக் குறித்துக்கொண்டார்களா என்றும் கேளுங்கள், ஏனென்றால் பேரிங்கின் இறுக்கமே அந்த நட்டில்தான் இருக்கிறது. இம்பேக்ட் கன் வைத்து ஒரே இழுப்பாக முடுக்குகிற பட்டறையாக இருந்தால் எனக்குப் பயம்தான்.

ஆயில் அளவையும் விடாதீர்கள். வண்டி சமதளத்தில் நிற்க, ஆயில் ஊற்றும் ஓட்டையை மூடும் ஃபில்லர் போல்ட்டைத்தான் முதலில் கழற்ற வேண்டும். டிரெயினைக் கழற்றி ஆயிலை வடித்தபிறகு ஃபில்லர் இறுகிப்போய்க் கழலவில்லை என்றால் வண்டி அங்கேயே நிற்கும். பெரும்பாலான வண்டிகளில் ஃபில்லர் ஓட்டையின் உதடுவரை ஆயில் இருந்தால் சரி, கூடுதலாக ஊற்றினால் அதுவே பிரீதர் வழியாக வழிந்து கசிவு மாதிரித் தெரியும். டிரெயின் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறக் குழம்பு இருந்தால் பரவாயில்லை, கைக்கு உறுத்துகிற துண்டுகள் இருந்தால் கசிவை விட்டுவிட்டு கியரைப் பாருங்கள்.

கேள்வி: லாரிக்கு ஊற்றும் 140 கியர் ஆயில் கெட்டியாக இருக்கிறதே, அதை ஊற்றினால் கசிவு நிற்குமா? – வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: நிற்காது, கொஞ்சம் மெதுவாகச் சொட்டும், அவ்வளவுதான். நெடுஞ்சாலையில் இத்தனை லாரிப் பட்டறைகளுக்கு நடுவே இருந்தால் அந்த ஆசை வரத்தான் செய்யும். உங்கள் காரின் கையேட்டில் 75டபிள்யூ-90 என்று போட்டிருந்தால் அதையே ஊற்றுங்கள். டிஃபரன்ஷியல் கிளட்ச் தகடு உள்ள லிமிடெட் ஸ்லிப் வகையாக (ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழலாமல் தடுப்பது) இருந்தால் அதற்கென்றே உரசலைச் சீராக்கும் ஃபிரிக்‌ஷன் மாடிஃபையர் கலந்த ஆயில் வேண்டும், இல்லாவிட்டால் யூ டர்ன் அடிக்கும்போதெல்லாம் பின்னால் கடகடவென்று அதிரும்.