மணலுக்கு வயது என்ன?

கேள்வி: என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். விலங்கியலில் பரிணாமப் பாடம் நடக்கிறது. ஓய்வுநாள் பள்ளி ஆசிரியரோ, "பூமிக்கு வயது ஆறாயிரம்தான், அதை நம்பாதவர் வேதத்தை நம்பாதவர்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவள் குடும்ப ஜெபத்துக்கு உட்கார மறுக்கிறாள். நான் என்ன சொல்லட்டும்?
- மணவாளக்குறிச்சி வாசகி

பதில்: மகளைக் கோபிக்காதீர்கள், சகோதரி. இரண்டில் ஒன்றை விடு என்று அவளிடம் சொன்னது பாடப்புத்தகம் அல்ல, ஆசிரியர். சொல்பேச்சு கேட்டு ஒன்றை விட்டிருக்கிறாள், அவ்வளவுதான்.

அந்த ஆறாயிரம் வேதாகமத்தில் எங்கும் இல்லை. அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர் 1650இல், வம்ச வரலாற்றில் வரும் வயதுகளைக் கூட்டி, படைப்பு நடந்தது கி.மு. 4004 என்று கணக்கிட்டார். அந்தக் காலத்துக்கு அது நாணயமான உழைப்பு. பிற்பாடு ஆங்கில வேதாகமங்களின் ஓரத்தில் அச்சானது. ஓரத்தில் இருந்ததைப் பலர் வசனமாகவே எடுத்துக்கொண்டார்கள்.

ஆதியாகமத்தை மகளோடு நிதானமாக வாசியுங்கள். சாயங்காலமும் விடியற்காலமும் முதல் நாளிலேயே வந்துவிடுகின்றன. சூரியன் வருவதோ நாலாம் நாள். முதல் அதிகாரத்தில் மிருகங்களுக்குப் பிறகு மனிதன், இரண்டாவதில் மனிதனுக்குப் பிறகு மிருகங்கள். இவை நாம் எண்ணும் நாட்கள் அல்ல என்று பழங்காலத் திருச்சபையின் ஆயர் அகஸ்டின் எழுதியது டார்வினுக்கு 1,400 ஆண்டுகளுக்கும் முன்னால். விவரம் தெரிந்தவர்கள் முன்னால் வேதத்தின் பேரால் உளறுவது வெட்கக்கேடு என்றும் கடிந்துகொண்டார்.

அதுவும் மணவாளக்குறிச்சியில் இருந்துகொண்டு கேட்கிறீர்கள்! கடற்கரைக் கருமணலில் ஒரு கை அள்ளிப் பரப்பிப் பாருங்கள். கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட், நடுநடுவே தேன்நிறத்தில் மோனசைட். அந்தத் தேன்நிற மணிக்குள் இருக்கும் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் மெல்ல மெல்ல ஈயமாகிறது. பாதி மாறவே சுமார் 1,400 கோடி ஆண்டுகள் ஆகும். சேர்ந்திருக்கும் ஈயத்தை அளந்தால் மணியின் வயது தெரிந்துவிடும். நம் பக்கத்துப் பாறைகளின் மோனசைட்டை அளந்தவர்களுக்குக் கிடைத்த வயது ஏறத்தாழ 55 கோடி. பூமி அதற்கும் மூத்தது, சுமார் 454 கோடி. மணலைப் படைத்தவர் கர்த்தர் என்றால், அதற்குள் ஓடும் கடிகாரம் மட்டும் யாருடையது?

அதற்காக, அறிவியல் வேதத்தை நிரூபித்துவிட்டது என்று வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் அவளிடம் நீட்டாதீர்கள். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927இல் எழுதிய ஜார்ஜ் லெமேத்ர் ஒரு கத்தோலிக்கக் குரு. 1951இல் போப்பே அந்தக் கொள்கையைப் படைப்புக்குச் சாட்சியாகக் காட்டிப் பேசியபோது, லெமேத்ருக்கே அது பிடிக்கவில்லை.

ஆதாம் விஷயம்தான் கடினம். பாவத்தினாலே மரணம் வந்தது என்று பவுல் எழுதியிருக்கிறாரே, மனிதனுக்கு முன்பே கோடிக்கணக்கான உயிர்கள் செத்திருக்கின்றனவே என்று மகள் கேட்பாள். இதில் சபைகளுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. பரிணாமம் வெறும் அனுமானத்துக்கும் மேலானது என்று 1996இல் ஒப்புக்கொண்ட போப் இரண்டாம் ஜான் பாலும், ஆன்மாவைக் கடவுளே நேரடியாகப் படைக்கிறார் என்பதில் விட்டுக்கொடுக்கவில்லை. உங்களுக்கும் விடை தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே சொல்லுங்கள். சமாளித்தால் கண்டுபிடித்துவிடுவாள்.

ஜெபத்துக்குக் கொஞ்ச நாள் வற்புறுத்த வேண்டாம். ஆசிரியரையும் ஒருநாள் தேநீருக்குக் கூப்பிட்டுப் பேசுங்கள். மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அல்ல.