மதில் அவருடையது, படம் உங்களுடையது

கேள்வி: யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் இருந்து எழுதுகிறேன். எந்த நிறுவனத்தையும் சாராமல் படம் கீறி, லினோ என்ற மென்தகட்டில் செதுக்கி, கையாலேயே அச்செடுத்து விற்று வாழ்கிறேன். பனங்கூடல் ஒன்றை வைத்துச் செய்த படத்தை 30 பிரதிகள் மட்டுமே என்று சொல்லி, ஒவ்வொன்றிலும் எண்ணும் கையெழுத்தும் இட்டு விற்று முடித்தேன். அதைப் பார்த்த ஒரு விடுதி முதலாளி, அதே படத்தைத் தன் முன்மதிலில் பெரிதாகக் கீறித் தரச் சொன்னார். பேச்செல்லாம் வாட்ஸ்அப்பில்தான், ஒப்பந்தம் ஏதும் இல்லை. பேசிய காசைத் தந்துவிட்டார். இப்போது அந்தப் படம் ரீசேர்ட்டிலும் துணிப்பையிலும் அச்சாகி அவருடைய வரவேற்பு மேசையில் விற்பனைக்கு இருக்கிறது. என் பெயர் எங்கும் இல்லை. கேட்டால், "காசு தந்துதானே கீறுவிச்சனான், மதிலும் என்ர, படமும் என்ர" என்கிறார். மதிலை இடித்துக் கடை கட்டப் போவதாகவும் கேள்வி. என்ன செய்யலாம்? 30 பிரதியும் முடிந்துவிட்டதால் இன்னும் 20 அடிக்கலாமா? இன்னொன்று: பஸ் நிலையப் பக்கம் ஓர் அரச மதிலில் நண்பர்களோடு ஒரு இரவில் கீற யோசிக்கிறோம். பிரச்சினை வருமா?

பதில்: முதலாளி சொன்னதில் பாதி சரி. மதில் அவருடையதுதான். அதில் பூசிய பெயின்ரும் அவருடையது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அந்தப் படத்தைப் பிரதி எடுக்கும் உரிமை வேறு விடயம். அதை அவர் வாங்கவில்லை, நீங்கள் விற்கவும் இல்லை.

இலங்கையில் இதற்கான சட்டம் 2003 ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். அதன்படி ஒரு படைப்பு உருவான கணத்திலேயே பதிப்புரிமை பிறந்துவிடுகிறது. எங்கும் பதிய வேண்டியதில்லை, முத்திரையும் வேண்டியதில்லை. அந்த உரிமை உங்கள் வாழ்நாளுக்கும் அதன்பின் 70 வருடங்களுக்கும் நீடிக்கும். ஒருவரிடம் சம்பளத்துக்கு வேலை செய்துகொண்டே வரைந்திருந்தால், வேறு ஏற்பாடு இல்லாதவிடத்து, உரிமை முதலாளிக்குப் போகும். நீங்கள் விடுதிக்காரரின் ஊழியர் அல்ல. அதோடு உங்கள் வழக்கில் இன்னொரு பலம் இருக்கிறது: அந்தப் பனங்கூடல் படம் அவர் உங்களைக் கூப்பிடும் முன்பே லினோத் தகட்டில் இருந்தது. மதிலில் இருப்பது அதன் பெரிய வடிவம். "என்ர யோசனை, என்ர காசு" என்று அவர் வாதாடவே இடமில்லை.

அடுத்து அவர் வாட்ஸ்அப்பைத் தூக்கிக் காட்டுவார். காட்டட்டும். பிரதி எடுப்பது, விற்பது போன்ற பொருளாதார உரிமைகளைக் கைமாற்றவோ பயன்படுத்த அனுமதிக்கவோ எழுத்தும் இரு தரப்புக் கையொப்பமும் வேண்டும் என்கிறது சட்டம். எழுத்தில் சொல்லாத உரிமை சேர்ந்து போனதாகவும் கருதப்படாது. 2006 ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்தைப் பிடித்து, வட்ஸ்அப்பும் எழுத்துத்தான் என்று அவருடைய சட்டத்தரணி சொல்லக்கூடும். சரி, எழுத்து என்றே எடுத்துக்கொள்வோம். அந்த எழுத்தில் என்ன இருக்கிறது? "முன் மதிலில் கீறித் தாங்கோ, இவ்வளவு தாறன்" என்பதுதானே. ரீசேர்ட் பற்றி ஒரு சொல் இல்லை. ஆகவே அந்த உரையாடல் அவரைவிட உங்களுக்குத்தான் உதவும். போனை மாற்றுகிறேன், இடம் போதவில்லை என்று அதை அழித்துவிடாதீர்கள். முழு உரையாடலையும் ஏற்றுமதி செய்து மின்னஞ்சலில் ஒரு பிரதி வையுங்கள்.

பெயர் போடாதது தனிக் குற்றச்சாட்டு. சட்டத்தின் 10ஆம் பிரிவு தார்மீக உரிமைகளைப் பேசுகிறது. படைப்பின் பிரதிகளில் உங்கள் பெயரோ புனைபெயரோ இடம்பெற வேண்டும் என்று கோரலாம். உங்கள் கௌரவத்தைக் கெடுக்கும் விதமாகப் படத்தைத் திரித்தால் ஆட்சேபிக்கலாம். இந்த உரிமையை நீங்கள் உயிரோடு இருக்கும்வரை வேறு ஒருவருக்கு எழுதிக் கொடுக்கவே முடியாது.

இனி நடைமுறை. கடிதம் எழுதும் முன் ஒரு ரீசேர்ட்டும் ஒரு பையும் வாங்குங்கள். நீங்கள் போகாதீர்கள், அவருக்குத் தெரியாத ஒரு நண்பரை அனுப்புங்கள். பில் எழுதி வாங்கச் சொல்லுங்கள். திகதியும் விடுதிப் பெயரும் அதில் இருக்க வேண்டும். மேசையில் அடுக்கியிருப்பதைப் படம் எடுத்து வரட்டும். நல்லூர்த் திருவிழா நாட்களில் சாமான்கள் வெளிக் கடைகளுக்கும் போகும், அங்கேயும் ஒருமுறை கண் ஓட்டுங்கள். இதையெல்லாம் செய்யாமல் முதலில் கடிதம் போனால், அடுத்த நாள் மேசை வெறுமையாக இருக்கும், "அப்படி ஒன்றும் விற்கவில்லையே" என்பார்.

அதன் பிறகு ஒரு சட்டத்தரணி ஊடாகக் கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள்: விற்பனையை நிறுத்து, மிச்சத்தை ஒப்படை, இதுவரை விற்ற கணக்கைக் காட்டு, நட்டஈடு தா. என் அனுபவத்தில் இப்படியான விவகாரங்கள் பெரும்பாலும் இந்தக் கட்டத்திலேயே பேச்சுக்கு வரும். அவர் அசையாவிட்டால் கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தின் பணிப்பாளர் நாயகத்திடம் விண்ணப்பிக்கலாம். பதிப்புரிமைத் தகராறுகளை விசாரித்துத் தீர்மானிக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு, செலவும் வழக்கை விடக் குறைவு. தடையுத்தரவும் நட்டஈடும் கேட்டுச் சிவில் வழக்குப் போடுவதென்றால் யாழ்ப்பாண மாவட்ட நீதிமன்றத்தில் போட முடியாது, கொழும்பு வணிக மேல் நீதிமன்றம்தான். வடக்கில் இருக்கும் கலைஞருக்கு இது பெரிய அநியாயம் என்பது என் கருத்து. ஒவ்வொரு தவணைக்கும் இரவு பஸ்ஸில் போய் வரும் செலவே ரீசேர்ட் இலாபத்தைத் தாண்டிவிடும். தெரிந்துகொண்டே மீறுவது குற்றமும்தான். நீதவான் நீதிமன்றத்தில் குற்றவாளியாகக் காணப்பட்டால் 5 இலட்சம் ரூபா வரை தண்டமும் ஆறு மாதம் வரை சிறையும் வரலாம். இதை உங்கள் கடிதத்தில் ஒரு வரியில் நினைவூட்டினால் போதும், மிரட்டல் வேண்டாம்.

பேச்சுக்கு வந்தால் பிடிவாதம் பிடிக்காதீர்கள். ஒரு ரீசேர்ட்டுக்கு இவ்வளவு என்று உரிமக் கட்டணம், உங்கள் பெயர் அச்சாக வேண்டும், எத்தனை மட்டும், எந்தத் திகதி வரை என்று எழுத்தில் முடித்துக்கொண்டால் அது நல்ல தீர்வுதான்.

இப்போது அந்த 20 பிரதிகள். இதில்தான் எனக்குக் கூடுதல் கவலை.

பதிப்புரிமை உங்களுடையது. ஆகவே அந்தச் சட்டத்தின் கண்ணில் இன்னும் 200 அடித்தாலும் குற்றமில்லை. ஆனால் ஒரு தாளின் கீழ் இடப்பக்கம் பென்சிலால் 7/30 என்று எழுதினீர்களே, அது வாங்கியவருக்கு நீங்கள் கொடுத்த வாக்கு. முப்பதுதான் இருக்கிறது என்பதற்காகத்தான் அவர் அந்த விலையைத் தந்தார். 31ஆவது வந்தால் ஒப்பந்த மீறல் என்றும் ஏமாற்று என்றும் அவர் சொல்லலாம். 2003 ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டமும் வியாபாரத்தில் பாவனையாளரைத் தவறாக வழிநடத்துவதைத் தடை செய்கிறது. நான் கலைஞர், வியாபாரி அல்ல என்ற பதிலை நம்பி இருக்காதீர்கள்.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். விடுதிக்காரரிடம் நீங்கள் நட்டஈடு கேட்கப்போவது எதை வைத்து? "முப்பது பேரிடம் மட்டும் இருந்த படத்தை இவர் சந்தியெல்லாம் தொங்கவிட்டார், என் பிரதிகளின் பெறுமதியும் என்னை நம்பி வாங்கியவர்களின் நம்பிக்கையும் விழுந்துவிட்டன" என்பதுதான் உங்கள் வாதத்தின் முதுகெலும்பு. இதே நேரத்தில் நீங்கள் இன்னும் 20 அடித்தால் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி குறுக்கு விசாரணையில் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். அதற்கு உங்களிடம் பதில் இருக்காது. ஆகவே அந்த முப்பதைத் தொடாதீர்கள். செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறு: லினோத் தகட்டின் குறுக்கே உளியால் ஒரு கோடு இழுத்து, அந்தக் கோடு தெரிய ஓர் அச்செடுத்துத் திகதியோடு வையுங்கள். பதிப்பு மூடப்பட்டதற்கு அதைவிடச் சாட்சி கிடையாது. முப்பதில் சேர்க்காமல் ஓவியர் பிரதி என்று ஒன்றிரண்டு தனியாக வைத்திருந்தால் அதையும் ஒளிக்காமல் எழுதி வையுங்கள். காசு தேவையென்றால் அதே பனங்கூடலை வேறு கோணத்தில் புதுத் தகட்டில் செதுக்குங்கள். அது புதிய படம், அதற்குப் புதிய எண்.

உங்கள் பிரதியை வாங்கியவர் அதைப் பின்னர் இன்னொருவருக்கு விற்கலாம், அதை நீங்கள் தடுக்க முடியாது. ஸ்கான் பண்ணி அச்சடிக்கத்தான் முடியாது.

மதிலை இடிப்பதைப் பற்றி அதிகம் நம்பிக்கை தர மாட்டேன். நமது சட்டம் திரிப்பதையும் சிதைப்பதையும் பேசுகிறது, முற்றாக இல்லாமலாக்குவதை வெளிப்படையாகச் சொல்லவில்லை. இந்தியாவில் சிற்பி அமர்நாத் சேகல் புதுடில்லி விஞ்ஞான் பவனுக்காகச் செய்த வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை அரசு 1979இல் கழற்றிச் சேதப்படுத்தியது. டில்லி மேல் நீதிமன்றம் 2005இல் அவருக்கு 5 இலட்சம் இந்திய ரூபா நட்டஈடும் எஞ்சிய பாகங்களைத் திருப்பிக் கொடுக்கும் உத்தரவும் வழங்கியது. அந்தத் தீர்ப்பு இங்கே எவரையும் கட்டுப்படுத்தாது, எடுத்துக்காட்டலாம், அவ்வளவுதான். அதுவும் கழற்றி எடுக்கக்கூடிய சிற்பம். உங்களுடையது சீமெந்தில் பூசிய பெயின்ற். தன் காணியில் கடை கட்டும் ஒருவரை நீதிமன்றம் மறித்து வைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பாதிப் படத்தை மறைத்து விளம்பரம் ஒட்டி மிச்சத்தை உங்கள் படமென்று வைத்திருந்தால் அது வேறு கதை, அப்போது 10ஆம் பிரிவு கைகொடுக்கும். இடிக்கும் முன் நல்ல வெளிச்சத்தில் முழு மதிலையும் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை மதில் வேலைக்கு ஒரு பக்கம் எழுதினால் போதும்: மதிலின் சொந்தக்காரர் யார், எவ்வளவு காசு, பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும், விடுதி தன் முகநூலில் பெயரோடு படம் போடலாம், பொருட்களில் அச்சிடத் தனி ஒப்பந்தம் வேண்டும், மதிலை மாற்றுமுன் 30 நாள் முன்னறிவித்தல் தர வேண்டும். இருவரும் கையொப்பமிடுங்கள். தமிழில் எழுதினாலும் செல்லும்.

கடைசியாக அந்த இரவு வேலை. வேண்டாம். 2019 இறுதியில் நாடெங்கும் இளைஞர்கள் மதில்களுக்கு வர்ணம் பூசினார்கள், யாழ்ப்பாணத்திலும் பூசினார்கள். அந்த உற்சாகத்தால் சட்டம் மாறிவிடவில்லை. தனியார் மதிலென்றால் பெரும்பாலும் தண்டனைச் சட்டக்கோவையோடு போகும். அரச மதிலென்றால் 1982 ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பொதுச் சொத்துச் சட்டத்தைப் பொலிஸ் எடுக்கலாம், சேதத்தின் பெறுமதியைக் கூட்டி மதிப்பிட்டால் பிணை எடுப்பதே பாடாகிவிடும். யாழ்ப்பாணக் கோட்டை, நல்லூர் மந்திரி மனை போன்ற பழைய இடங்களின் பக்கம் தூரிகையோடு போகவே வேண்டாம், அங்கே தொல்பொருள் சட்டமும் சேரும். போரில் இறந்தவர்களை நினைவுகூரும் படமாக இருந்தால், எங்கள் ஊரில் விசாரணை பெயின்ரோடு நிற்காது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

முதலில் அந்த மதில் யாருடையது என்று பாருங்கள்: மாநகர சபையா, போக்குவரத்துச் சபையா, வீதி அபிவிருத்தி அதிகார சபையா. பஸ் நிலையப் பக்கம் மூன்றும் அருகருகே வரும். வரையப்போகும் படத்தின் சிறு மாதிரியை இணைத்து உரிய இடத்தில் எழுத்து மூலம் விண்ணப்பியுங்கள். வாய்ச்சொல்லாக "செய்யுங்கோ" என்பதை ஏற்காமல், கையொப்பமும் முத்திரையும் உள்ள அனுமதிக் கடிதம் வாங்குங்கள். அதன் பிரதி ஒன்று வேலை செய்யும் ஒவ்வொருவரின் சட்டைப் பையிலும் இருக்கட்டும்.