கேஷுவல் கார்டும் பணி நிரந்தரமும்: கேள்விகளும் பதில்களும்

ரயில்வே பணியாளர் பிரிவில் முதலில் பாலக்காட்டிலும் பிறகு சேலத்திலும் இருந்து ஓய்வு பெற்றவன். கேஷுவலாக, அதாவது நிரந்தரமில்லாத தினக்கூலியாக, வேலை பார்த்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் அனுப்பிய கேள்விகளில் எனக்குத் தெரிந்த துறைக்குள் வருபவற்றுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன்.

டேனிஷ்பேட்டையிலிருந்து: அப்பா 1982 முதல் 1985 வரை தண்டவாளப் பராமரிப்பில் கேஷுவலாக இருந்தார். வேலை பார்த்த நாட்களைக் குறித்த கார்டு பத்திரமாக இருக்கிறது. இப்போது வயது 64. ஏதாவது வழி உண்டா ஐயா?

வேலைக்கு வழியில்லை தம்பி. ஆசை காட்டி இழுத்தடிக்க எனக்கு மனமில்லை. ஆனால் காரணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஓடும் பாதையில், அதாவது ஏற்கெனவே வண்டி போய்வரும் தடத்தில், தொடர்ந்து 120 நாள் வேலை பார்த்த கேஷுவலுக்குத் தற்காலிக அந்தஸ்து, அதாவது நிரந்தரத்துக்கு முந்தைய படி, உண்டு. புதுப் பாதை, பாலம் போன்ற திட்டப் பணிகளில் இருந்தவர்களுக்கு ஆரம்பத்தில் அந்த உரிமை கிடையாது. 1985இல் இந்தர் பால் யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் 360 நாள் முடித்த திட்டத் தொழிலாளிக்கும் அது கிடைத்தது. 1981 ஜனவரி 1க்கு முன்பே நிறுத்தப்பட்டவர்களுக்காக தட்சிண ரயில்வே தொழிலாளர் சங்கம் வழக்குத் தொடுத்தது. அவர்கள் 1987 மார்ச் 31க்குள் மனுக் கொடுக்க வேண்டும் என்று கெடு வந்தது. வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர்களின் பெயர்கள் ஒரு பதிவேட்டில் ஏறும். ஆள் எடுக்கும்போது அந்த வரிசைப்படி அழைக்க வேண்டும். 2001இல் அதற்கும் வயது வரம்பு வந்தது: பொதுப் பிரிவுக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 43, பட்டியல் இனத்தவருக்கு 45.

உங்கள் அப்பாவைத் தாண்டி அவருக்கு இளையவரை எடுத்திருந்தால், வழக்கு அன்றே போட்டிருக்க வேண்டும். நிர்வாகத் தீர்ப்பாயச் சட்டம் தரும் அவகாசம் ஓர் ஆண்டுதான். இப்போது மனு எழுதி, வரும் மறுப்புக் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு வழக்குப் போடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். செத்துப்போன கோரிக்கைக்கு அந்தக் கடிதம் உயிர் தராது என்று 2008இல் ஜேக்கப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது நம் தமிழ்நாட்டுக் கனிமவளத் துறை ஊழியர் ஒருவர் தொடுத்த வழக்கு.

கார்டின் அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள். வேலைக்கு உதவாவிட்டாலும் அதைக் கொடுக்காதீர்கள்.

ஏற்காட்டிலிருந்து: மழைக்காலத்தில் வீடு ஒழுகி மாமாவின் கார்டு உருத்தெரியாமல் போய்விட்டது. கேஷுவலாக இருந்தது போக, பின்னர் நிரந்தரமாகி ஓய்வும் பெற்றார். பழைய நாட்களை எப்படி நிரூபிப்பது?

இதுதான் உருப்படியான கேள்வி. கார்டு போனாலும் கைநாட்டுப் பதிவேடு இருக்கும். கேஷுவலைச் சேர்க்கும்போது இடது பெருவிரல் ரேகை வாங்கி ஓர் எண் கொடுப்பார்கள். அதை எல்.டி.ஐ. எண் என்போம். அந்த எண் மாமாவுக்கு நினைவிருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லாவிட்டால் எந்தப் பாதை ஆய்வாளரின் கீழ், எந்தப் பிரிவில், எந்த ஆண்டு என்றாவது எழுதுங்கள். அவருடைய பணிப் பதிவேட்டின் முதல் பக்கத்திலேயே கேஷுவல் காலம் குறிக்கப்பட்டிருக்கலாம். அதை முதலில் பாருங்கள்.

எங்கே கேட்பது என்பதில்தான் பலர் இடறுகிறார்கள். சேலம் கோட்டம் 2007 நவம்பர் 1 அன்றுதான் பாலக்காடு, திருச்சி கோட்டங்களிலிருந்து பிரிக்கப்பட்டது. ஜோலார்பேட்டை – ஈரோடு தடத்தில் அதற்கு முன் வேலை பார்த்தவரின் ஆவணம் பாலக்காட்டில் தங்கியிருக்க வாய்ப்பு அதிகம். திட்டப் பணி என்றால் கட்டுமானப் பிரிவு தனி. அதன் தலைமை எழும்பூரில். ஆகவே தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு சேலத்துக்கு ஒன்று, பாலக்காட்டுக்கு ஒன்று என்று அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். நகல் மட்டும் கேட்காமல் பதிவேட்டை நேரில் பார்வையிட அனுமதியும் கேளுங்கள். ‘கிடைக்கவில்லை’ என்று ஒரு வரியில் முடிக்க நினைப்பவர்கள், ஆள் நேரில் வருகிறார் என்றால் அலமாரியைத் திறந்து பார்ப்பார்கள்.

ஓய்வுபெற்ற ஆய்வாளர் வீட்டில் உட்கார்ந்து எழுதித் தரும் சான்றிதழ் மட்டும் போதாது. போலிச் சான்றுகளால் கெட்டுப்போன பெயர் அது.

சூரமங்கலத்திலிருந்து: நிரந்தரமாகி நான்கே ஆண்டில் ஓய்வு. பத்து ஆண்டு ஆகவில்லை என்று ஓய்வூதியம் மறுத்தார்கள்.

2017இல் ராகேஷ் குமார் வழக்குத் தீர்ப்பைப் படிக்கச் சொல்லுங்கள். தற்காலிக அந்தஸ்துக் காலத்தில் பாதி, அதற்கு முந்தைய கேஷுவல் காலத்திலும் பாதி, ஓய்வூதியத்துக்குக் கணக்கில் சேரும். 1984இல் அந்தஸ்து, 1997இல் நிரந்தரம், 2001இல் ஓய்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். 13இல் பாதி ஆறரை, அதோடு 4 ஆண்டு. பத்தரை ஆகிவிட்டது. நாட்களுக்கு ஆதாரம் வேண்டும். ஏற்காட்டுக்காரருக்குச் சொன்னதையே நீங்களும் செய்யுங்கள்.

ஆத்தூரிலிருந்து: அப்பாவின் கார்டை என் பெயருக்கு மாற்றி வேலை தருவார்களா?

மாட்டார்கள்.

கருப்பூரிலிருந்து: கணவர் தற்காலிக அந்தஸ்தில் இருக்கும்போதே இறந்துவிட்டார். குடும்ப ஓய்வூதியம் உண்டா?

வருத்தமான பதில் அம்மா. ரபியா பிகானேர் வழக்கில் 1997இல் உச்ச நீதிமன்றம் ‘இல்லை’ என்றது. ஆனால் அதற்கு முன்பே, பிரபாவதி தேவி என்பவருக்கு ‘உண்டு’ என்றது. அவருடைய கணவர் கேஷுவலாகத் தொடங்கினாலும், பிறகு ‘சப்ஸ்டிட்யூட்’ ஆக, அதாவது வழக்கமான பதவியில் மாற்றாளாக, இருந்து அந்தஸ்து பெற்றவர். உங்கள் கணவரின் உத்தரவில் எந்தச் சொல் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். மாற்றாள் என்றிருந்தால் உடனே வழக்கறிஞரிடம் போங்கள். சேலம் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு இலவச உதவி கிடைக்கும்.

சேலம் சந்திப்பில் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர்: பல ஆண்டுகளாக ஒரே நடைமேடையில் வேலை. ஒப்பந்ததாரர் மாறுகிறார், நாங்கள் மாறுவதில்லை. நாங்களும் கேஷுவல்தானே?

சட்டத்தின் கண்ணில் இல்லை. உங்களை எடுத்தது ஒப்பந்ததாரர். 2001இல் இந்திய உருக்கு ஆணைய வழக்கில், ஒப்பந்த முறையைத் தடைசெய்தால்கூடத் தொழிலாளர் தானாக நிறுவனத்தின் ஊழியர் ஆகிவிட மாட்டார் என்று தீர்ப்பானது. ஒப்பந்தம் வெறும் போலி, வேலை வாங்குவது முழுக்க ரயில்வேதான் என்று தொழில் தீர்ப்பாயத்தில் நிரூபித்தால் கதை வேறு. அதுவரை சம்பளச் சீட்டு, வருங்கால வைப்பு நிதி எண், நுழைவு அட்டை எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள்.

அம்மாபேட்டை வழக்கறிஞர் ஒருவர் இதை மறுக்கிறார்: ஐயா பழைய காலத்திலேயே நிற்கிறார். 2024 டிசம்பரில் ஜக்கோ தீர்ப்பு வந்துவிட்டது. உமாதேவி தீர்ப்பின் காலம் முடிந்தது. துப்புரவுப் பணியாளர் எல்லோரும் நிரந்தரம் கேட்கலாம்.

கேட்கலாம். கிடைக்குமா என்பதுதான் பேச்சு. 2006இன் உமாதேவி தீர்ப்பு கொல்லைப்புற நியமனங்களை நிரந்தரமாக்கக் கூடாது என்றது. அனுமதிக்கப்பட்ட பதவியில் பத்து ஆண்டு இருந்தவர்களுக்கு ஒரே ஒருமுறை விலக்குத் தந்தது. அந்தத் தீர்ப்பைக் காட்டியே நேர்மையான கோரிக்கைகளையும் அதிகாரிகள் அடித்து விரட்டினார்கள். ஜக்கோ வழக்கில் நீதிமன்றம் அதைக் கண்டித்தது. அதில் நமக்குள் சண்டையில்லை.

ஆனால் ஜக்கோவும் மற்றவர்களும் மத்திய நீர் ஆணையம் நேரடியாக வேலைக்கு வைத்தவர்கள். இடையில் ஒப்பந்ததாரர் இல்லை. இன்னொன்று, அவர்கள் வேலையில் இருக்கும்போதே 2015இல் நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள்; 2018இல் அங்கே தோற்ற பிறகுதான் வெளியேற்றப்பட்டார்கள். முப்பது ஆண்டுக்கு முன் நிறுத்தப்பட்ட ஒருவரிடம் இந்தத் தீர்ப்பின் நகலை விற்றுக் கட்டணம் வாங்குவது நியாயமா?

அதே வழக்கறிஞர்: நான் கட்டணம் பற்றிப் பேசவில்லை. நீங்கள் சொல்வதைக் கேட்டால் யாருமே வழக்குப் போட மாட்டார்கள்.

வேலையில் இருப்பவர் போடட்டும், இன்றே போடட்டும். நடைமேடைத் தோழர்களுக்காகப் போலி ஒப்பந்தம் என்ற வாதத்தை நீங்கள் எடுத்து நடத்தினால் பாராட்டுகிறேன். யார் மேற்பார்வை, யார் வருகைப் பதிவு, யார் விடுப்புத் தருகிறார் என்ற சாட்சியத்தை முதலில் திரட்டுங்கள். தீர்ப்பின் பெயர் கடைசியில் வந்தால் போதும்.

பொம்மிடியிலிருந்து: 2008இல் போர்ட்டர்களை கேங்மேன் (தண்டவாளப் பராமரிப்புத் தொழிலாளி) ஆக்கினார்களே, அதுபோல எங்களையும்?

அது அன்றைய ரயில்வே நிதிநிலை அறிக்கையில் எடுத்த கொள்கை முடிவு. உரிமம் பெற்ற போர்ட்டர்களுக்கு மட்டும்.

மேட்டூரிலிருந்து: கார்டு இருக்கிறது. வேலை கிடைக்குமா?

டேனிஷ்பேட்டைக்கு எழுதியதைப் படியுங்கள்.

மல்லூரிலிருந்து: எங்களிடமும் கார்டு இருக்கிறது...

மேட்டூருக்கு எழுதியதைப் படியுங்கள்.

ஓமலூரிலிருந்து: ஒருவர் அசல் கார்டும் மூன்று லட்சமும் கேட்கிறார். பதிவேட்டில் பெயர் ஏற்றிவிடுவாராம்.

பதிவேட்டில் இன்று பெயர் ஏற்றினால் அது மோசடி. மாட்டுவது கார்டுக்காரர்தான். பணம் கொடுக்காதீர்கள், கார்டைக் கொடுக்காதீர்கள், நகலில்கூடக் கையெழுத்திட்டுக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் காவல் நிலையத்துக்குப் போங்கள், எனக்கு எழுத வேண்டாம்.

வாழப்பாடியிலிருந்து: தம்பி ரயில்வேயில் அப்ரண்டிஸ் முடித்தான். நேரடியாக எடுப்பார்களா?

நேரடியாக இல்லை. லெவல் 1, அதாவது கடைநிலைப் பணிகளுக்கான, தேர்வில் அவனைப் போன்றவர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு உண்டு. தேர்வு எழுதத்தான் வேண்டும். அறிவிப்பு வரும்போது சான்றிதழ் எண்ணைச் சரியாகப் பதியச் சொல்லுங்கள். எழுத்துப் பிழையில் தள்ளுபடியான விண்ணப்பங்கள் ஏராளம்.