கட்டத்துக்குள் ஓர் உலகம்: கேள்வி பதில்

கணிதவியலாளர் ஜான் கான்வேயின் ‘கேம் ஆஃப் லைஃப்’ கணினி உலகம் 1970-ல் வெளியே தெரியவந்தது. கணக்கு நோட்டு மாதிரி கட்டங்கள் நிறைந்த பரப்பு அது; ஒவ்வொரு கட்டமும் ஒன்று உயிரோடு இருக்கும், இல்லையென்றால் காலியாக இருக்கும். அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

அதில் ‘விதி’ என்கிறீர்களே, தலைவிதி மாதிரியா ஐயா?

தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பது எனக்குப் பிடிக்கும். இங்கே விதி இவ்வளவுதான்: உயிருள்ள கட்டத்தைச் சுற்றியுள்ள எட்டில் இரண்டோ மூன்றோ உயிரோடு இருந்தால் அது பிழைக்கும், இல்லாவிட்டால் சாகும். காலிக் கட்டத்தைச் சுற்றிச் சரியாக மூன்று இருந்தால் அதில் உயிர் பிறக்கும். எல்லாக் கட்டங்களும் ஒரே நேரத்தில் இப்படி ஒருமுறை மாறுவதுதான் ஒரு தலைமுறை.

எல்லாமே முன்னரே தீர்மானம் என்றால் முடிவையும் முன்னரே சொல்லிவிடலாமே?

பலரும் சறுக்குவது இங்கேதான். ஆர்-பென்டோமினோ என்ற வடிவம் ஐந்தே கட்டம். கணக்கு நோட்டில் பென்சிலால் போட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் பக்கம் போதாது. அது அடங்க 1103 தலைமுறை ஆகும், கடைசியில் 116 கட்டம் மிஞ்சும். ஐந்து கட்டத்தைப் பார்த்து இதை யாரால் சொல்ல முடியும்? ஓட்டித்தான் பார்க்க வேண்டும். எந்த வடிவத்தைக் கொடுத்தாலும் அது அழியுமா நிலைக்குமா என்று சொல்லிவிடும் பொதுவான வழி கிடையவே கிடையாது. அதற்கு நிரூபணமே உண்டு. ஆக, தீர்மானிக்கப்பட்டது வேறு, முன்கூட்டித் தெரிவது வேறு.

க்ளைடர் தானாக நடக்கிறதே, அதற்கு விருப்பம் உண்டா சார்?

இல்லை. க்ளைடர் என்பது ஐந்து கட்ட வடிவம், நான்கு தலைமுறைக்கு ஒருமுறை மூலைவாக்கில் ஒரு கட்டம் தள்ளித் தெரிகிறது. உற்றுப் பார்த்தால் எந்தக் கட்டமும் நகரவில்லை, அணைந்து அணைந்து எரிகிறது, நடப்பது வடிவம்தான். அப்புறம் ஒன்று: நம் மூளையில் ஒரு நரம்பணுவை மட்டும் எடுத்துப் பார்த்தாலும் விருப்பம் கிடைக்காது. யோசித்து, எடைபோட்டு, மனம் மாறக்கூடிய முழு அமைப்பில்தான் அதைத் தேட வேண்டும் என்பது என் கருத்து.

கொஞ்சம் தற்செயலைக் கலந்தால் சுதந்திரம் வந்துவிடாதா?

வராது. பகடை சொன்ன முடிவு எப்படி உங்கள் முடிவாகும்?

உருவாக்கியவரின் நோக்கம்தானே உள்ளே இருப்பவற்றின் நோக்கம்?

அப்படிச் சொல்ல முடியாது. எந்த வடிவமும் முடிவில்லாமல் வளராது என்றுதான் கான்வே நினைத்தார். தவறென்று காட்டுபவருக்கு 50 டாலர் பரிசு அறிவித்தார். அதே ஆண்டே கணினி நிரலாளர் பில் காஸ்பரின் குழு, 30 தலைமுறைக்கு ஒரு க்ளைடரை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும் வடிவத்தைக் கண்டுபிடித்தது. விதியைப் போட்டவரே எதிர்பார்க்காதது அது. பரிசுப் பணம் கைமாறியது.