முதல் பாயிண்ட் டூ டூ கைத்துப்பாக்கி: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: ரேஞ்சில் நண்பரின் துப்பாக்கியை வாங்கி நாலைந்து முறை சுட்டுப் பார்த்தேன். பிடித்துப்போய்விட்டது. போட்டிக்குப் போகிற எண்ணமெல்லாம் இல்லை. வாரம் ஒருமுறை காகித இலக்கிலும் இரும்புத் தகட்டிலும் நிதானமாகச் சுட வேண்டும், அவ்வளவுதான். சின்னத் தோட்டாவான .22 ரிம்ஃபயரில் ஒரு கைத்துப்பாக்கி வாங்கலாம் என்றிருக்கிறேன். பிஸ்டல் வாங்குவதா, ரிவால்வர் வாங்குவதா? ராணுவத் துப்பாக்கி மாதிரியே இருக்கும் சின்ன மாடல் ஒன்றில் மனம் போகிறது. நண்பரோ, "இதெல்லாம் விளையாட்டுச் சாமான், நேராக 9 எம்.எம். வாங்கு" என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் நண்பர் சொன்னதற்கு வருகிறேன். ஒலிம்பிக்கில் ஆண்களுக்கான 25 மீட்டர் ரேப்பிட் ஃபயர் பந்தயமும், பெண்களுக்கான 25 மீட்டர் பிஸ்டல் பந்தயமும் இதே .22 தோட்டாவை வைத்துத்தான் நடக்கின்றன. அதன் குண்டு வெறும் 2.6 கிராம்தான், 9 எம்.எம். குண்டு வழக்கமாக ஏழரை, எட்டு கிராம் இருக்கும். ஆனாலும் அந்தச் சின்னக் குண்டு தடுப்பாரில்லாமல் போனால் ஒரு கிலோமீட்டரைத் தாண்டிப் போகும், ஆளையும் கொல்லும். விளையாட்டுச் சாமான் என்ற நினைப்போடு அதை யாரும் கையில் எடுக்கக் கூடாது.

சரி, புதிதாகப் பழகுகிறவருக்கு இது ஏன் நல்லது? விலை மலிவு, சத்தம் குறைவு என்பார்கள். அது உண்மைதான், ஆனால் எனக்கு முக்கியமான காரணம் வேறு. பழக வருகிறவரின் ரிவால்வரில் நான் ஒன்றிரண்டு அறைகளில் சுட்ட வெற்றுக்கூடுகளை வைத்துச் சிலிண்டரைச் சுற்றிவிட்டுக் கொடுப்பேன். எந்த அறையில் தோட்டா இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. இரண்டு முறை வெடிக்கும். மூன்றாவது முறை 'டிக்' என்று மட்டும் கேட்கும். அந்த நொடியில் குழலின் நுனி இரண்டு விரற்கடை கீழே குனிவதை அவரே பார்ப்பார். வெடிக்கப் போகிறது என்று கை முன்கூட்டியே உதறுகிறது. பெரிய தோட்டாவில் இந்த உதறல் பின்னுதைப்புக்குள் மறைந்துவிடும். வருடக்கணக்கில் சுட்டாலும் குறை எங்கே என்று தெரியாது. .22-வில் உதைப்பு மிகக் குறைவு என்பதால் உங்கள் தப்பு உங்களுக்கே அப்பட்டமாகத் தெரியும்.

அதனால் துப்பாக்கி தன் பங்குக்குத் தப்பைச் சேர்க்கக் கூடாது. குண்டு விலகிப் போனால், அது என் கையால்தான் என்று நீங்கள் உறுதியாகச் சொல்ல முடிய வேண்டும். நான் கீழே சொல்வது எல்லாமே இதை மனதில் வைத்துத்தான்.

ரிம்ஃபயர் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால் பாதிக் கேள்விகள் தானாக விலகிவிடும். .22 லாங் ரைஃபிள் 1887-இல் வந்த தோட்டா. மற்ற தோட்டாக்களில் அடிப்பாகத்தின் நடுவே தீப்பற்ற வைக்கும் ப்ரைமர் தனியாக ஒன்று இருக்கும். இதில் அது கிடையாது. அடிப்பாகத்து விளிம்பு உள்ளீடற்ற மடிப்பு. அந்த மடிப்புக்குள்தான் தீப்பற்றும் மருந்து பூசப்பட்டிருக்கிறது. தோட்டாவை அடிக்கும் ஊசியான ஃபயரிங் பின் விளிம்பை நசுக்கினால் மருந்து பற்றும். விளிம்பு ஒருமுறை நசுங்கிவிட்டால் அந்தக் கூடு குப்பைதான், மறுபடி நிரப்ப முடியாது. மருந்து விளிம்பு முழுக்கச் சீராகப் பரவாத தோட்டா சில நேரம் வெடிக்காது. எவ்வளவு நல்ல துப்பாக்கியாக இருந்தாலும் இது நடக்கும். அதற்காகத் துப்பாக்கியைச் சந்தேகப்பட வேண்டாம்.

இனி பிஸ்டல், அதாவது பிடிக்குள் செருகும் மேகசினிலிருந்து தோட்டா தானாக ஏறும் வகை. கடையில் பார்க்கும் .22 பிஸ்டல்களை இரண்டு ஜாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் ஜாதியில் குழல் சட்டத்தோடு அசையாமல் பொருத்தப்பட்டிருக்கும். சுடும்போது அதன் பின்னால் கூட்டை வெளியே தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும் ஒரு போல்ட்டோ சிறிய ஸ்லைடோ மட்டும் போய் வரும். குறிபார்க்க உதவும் முன் சைட், பின் சைட் இரண்டுமே அசையாத பாகத்தில் இருக்கும். ரூகர் நிறுவனம் 1949-இல் தன் முதல் தயாரிப்பாக வெளியிட்ட பிஸ்டல் இந்த வகை. அதன் வழிவந்த மார்க் 4 என்ற மாடல் 2016-இல் வந்தது. 1985-இல் வந்த பிரவுனிங் பக் மார்க், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் விக்டரி ஆகியவையும் இதில் சேர்த்தி. இரண்டாவது ஜாதி, பெரிய சர்வீஸ் பிஸ்டலின் சாயலில் செய்தவை: வால்தர் பி22, கிளாக் 44, டாரஸ் டிஎக்ஸ்22 போன்றவை. இவற்றில் மேல் ஸ்லைடு முழுவதும் பின்னால் போய் வரும், பின் சைட்டும் அதோடு சேர்ந்து போய் வரும். உங்கள் மனம் போனது இந்த ஜாதியாகத்தான் இருக்கும்.

என் கருத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்: இலக்கு பார்த்துச் சுடுவதுதான் நோக்கம் என்றால் முதல் ஜாதியை வாங்குங்கள். ஐந்தரை அங்குலக் கனக் குழல் போட்ட மார்க் 4 டார்கெட் ஏறத்தாழ ஒரு கிலோ. பி22 அதில் பாதிதான். கடையில் கையில் எடுத்தால் இலேசானதுதான் இதமாக இருக்கும். ஆனால் இலேசான துப்பாக்கி மூச்சுக்கும் அசையும். ட்ரிகரை இழுக்கும் விரலோடு சேர்ந்து நுனியும் ஒரு பக்கம் போகும். கனமானது அப்படிச் சட்டென்று அசையாது.

சைட்டுகளுக்கு இடையே உள்ள தூரமும் அதே அளவுக்கு முக்கியம். முன் சைட்டும் பின் சைட்டும் 20 சென்டிமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன என்று வையுங்கள். முன் சைட் ஒரு மில்லிமீட்டர் விலகினால் 10 மீட்டரில் குண்டு 5 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். அதே இடைவெளி பன்னிரண்டரை சென்டிமீட்டர் என்றால் 8 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். சின்ன பிஸ்டல் கெட்டதென்று சொல்லவில்லை. அதில் நன்றாகச் சுட ஏற்கெனவே நன்றாகச் சுடத் தெரிந்திருக்க வேண்டும், அதுதான் சிக்கல். இரண்டாவதாக ஒன்று வாங்கும்போது ஆசை தீர வாங்கிக்கொள்ளுங்கள்.

ரூகரின் பழைய மார்க் 2, மார்க் 3 நல்ல துப்பாக்கிகள். ஆனால் கழற்றிச் சுத்தம் செய்துவிட்டுத் திரும்பப் பூட்டுவது பெரும் பாடு. மார்க் 4-இல் பின்புறம் ஒரு பொத்தானை அழுத்தினால் மேல்பாகம் சாய்ந்து கழன்றுவிடும். பக் மார்க்கின் ட்ரிகர் பலருக்குப் பிடிக்கும். அதைப் பிரித்துப் பூட்டினால் மேலே உள்ள திருகுகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று கவனியுங்கள்.

ட்ரிகர் ஒன்றரைக் கிலோவை ஒட்டிய இழுப்பில், நீண்டு இழுபடாமல், கண்ணாடிக் குச்சி ஒடிவதுபோல் விடுபட வேண்டும். இதைச் சொல்லி விளக்க முடியாது, இழுத்துத்தான் பார்க்க வேண்டும். ஆனால் .22-வில் வெறுமனே இழுத்துப் பார்ப்பதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையில்) தோட்டா இல்லாதபோது சில மாடல்களில் ஃபயரிங் பின் நேராகச் சேம்பரின் விளிம்பிலேயே போய் மோதும். ரூகர் மார்க் வரிசையில் அதைத் தடுக்க உள்ளே ஒரு குறுக்கு ஊசி வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றிலும் அப்படி இல்லை. கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு.

இதில் எனக்கு ஒரு பட்டறிவு உண்டு. பல வருடங்களுக்கு முன் பழைய பிஸ்டல் ஒன்றை வாங்கினேன். வெளியே ஒரு கீறல் இல்லை, பளபளவென்று இருந்தது. சுட்டால் நாலில் ஒரு கூடு வெளியே வராமல் சிக்கியது. விளக்கு வைத்துப் பார்த்தபோதுதான் சேம்பர் வாயில் ஒரு பள்ளம் தெரிந்தது. அதன் ஓரத்தில் உலோகம் உள்பக்கமாகப் பிதுங்கி, பல்குத்தும் குச்சியின் முனையால் தடவினால் தட்டுப்பட்டது. முன்பு வைத்திருந்தவர் தோட்டா இல்லாமல் இழுத்து இழுத்துப் பழகியிருக்கிறார். பழசு வாங்குவதாக இருந்தால், துப்பாக்கி காலியாக இருப்பதை இரண்டு முறை உறுதி செய்துகொண்டு முதலில் சேம்பர் வாயைப் பாருங்கள். பூச்சையும் பளபளப்பையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கைக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க ஒரு வழி. பாதுகாப்பான திசையில், காலியான துப்பாக்கியைச் சாதாரணமாகப் பிடியுங்கள். கண்ணை மூடிக்கொண்டு கையை உயர்த்தி, உங்களுக்கு இயல்பாக வரும் நிலையில் நிறுத்திக் கண்ணைத் திறங்கள். முன் சைட் பின் சைட்டின் பள்ளத்துக்குள் ஏறக்குறைய வந்து நின்றால் அந்தப் பிடி உங்களுக்கானது. ஒவ்வொரு முறையும் நுனி வானம் பார்த்தால் பிடியின் சாய்வு பொருந்தவில்லை. மார்க் 4-இன் பிடி அதிகம் சாய்ந்தது. அதே பிஸ்டல் நிமிர்ந்த பிடியோடு 22/45 என்ற பெயரில் கிடைக்கிறது. ஆள்காட்டி விரலின் முதல் கணு அல்ல, நுனிச்சதை ட்ரிகரில் படிய வேண்டும்.

ரிவால்வர் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டு, ஒவ்வொரு முறையும் பின்னாலுள்ள சுத்தியலை, அதாவது ஹாமரை, கட்டைவிரலால் இழுத்துச் சுடும் சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர், அவசரப்படும் கையை அடக்கிவிடும். தோட்டாவின் வேகம் எதுவானாலும் அது பொருட்படுத்தாது. ஒன்று வெடிக்காவிட்டால் அடுத்ததற்குப் போய்விடலாம். ஆனால் ஐம்பது தோட்டா சுட நேரம் பிடிக்கும். பழைய ரூகர் சிங்கிள் சிக்ஸ் கிடைத்தால் வருடத்தைக் கேளுங்கள். 1973-க்கு முந்தையது என்றால், மாற்றம் செய்யப்படாதவரை ஹாமருக்குக் கீழுள்ள அறையைக் காலியாக விட்டு ஐந்து தோட்டா மட்டுமே போட வேண்டும். ஹாமர் மேல் அடி பட்டால் வெடிக்கக்கூடும். .22 மேக்னம் என்ற வேறு தோட்டாவுக்கான சிலிண்டர் ஒன்றும் கூட வந்தால் அதில் சாதாரண .22-வைப் போடவே கூடாது. மேக்னத்தின் கூடு பருமனானது. அதற்கான அறையில் இந்தக் கூடு வீங்கிப் பிளக்கும். டபுள் ஆக்‌ஷனில் (ட்ரிகர் இழுப்பே ஹாமரையும் பின்னால் இழுத்துவிடும் வகை) ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 617 அருமையானது, பத்துத் தோட்டா கொள்ளும். விளிம்பை நசுக்கப் பலமான அடி வேண்டியிருப்பதால் .22 ரிவால்வர்களின் டபுள் ஆக்‌ஷன் இழுப்பு கனமாகவே இருக்கும். சட்டைப்பை அளவு ரிவால்வர் உங்கள் வேலைக்கு ஆகாது.

துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்க ஒரு மாதம் யோசிப்பவர்கள் தோட்டாவைக் கண்ணில் பட்டதை வாங்குகிறார்கள். எனக்கு இது மனவருத்தம் தரும் விஷயம். ஒரே மாடலில் இரண்டு துப்பாக்கிகள் இருந்தாலும் ஒன்றுக்குப் பிடித்த தோட்டா மற்றதற்குப் பிடிக்காது. ஐநூறு தோட்டாப் பெட்டி வாங்குவதற்கு முன் நாலு வகையில் ஐம்பது ஐம்பதாக வாங்குங்கள். மணல் மூட்டையில் கையை வைத்து, ஒவ்வொரு வகைக்கும் புதுக் காகிதம் மாட்டி, பத்துப் பத்தாகச் சுடுங்கள். எந்தக் காகிதத்தில் ஓட்டைகள் நெருக்கமாக விழுகின்றனவோ, எது சிக்காமல் ஓடுகிறதோ அதுவே உங்கள் தோட்டா. சர்வீஸ் சாயல் பிஸ்டல்கள் பலவும் 40 கிரெயின் (அதே 2.6 கிராம்) எடையில் ஹை வெலாசிட்டி, அதாவது வேகம் கூடிய தோட்டா கேட்கும்; வேகம் குறைந்த ஸ்டாண்டர்ட் வெலாசிட்டியில் சில நேரம் ஸ்லைடு முழுதாகப் பின்னால் போகாது.

மேகசின் நிரப்புவதிலும் கவனம் வேண்டும். பக்கவாட்டுப் பொத்தானை ஒரேயடியாகக் கீழே இழுத்துவிட்டுத் தோட்டாக்களைக் கொட்டினால், மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய் மாட்டிக்கொள்ளும். பிறகு முன்னால் நகராது. ஒரு தோட்டாவுக்கு இடம் கிடைக்கும் அளவுக்கு மட்டும் பொத்தானை இறக்கி ஒவ்வொன்றாக வையுங்கள். பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். மேகசின் குறைந்தது மூன்று வைத்துக்கொள்ளுங்கள்.

ட்ரிகரை இழுத்தும் வெடிக்கவில்லையா? நுனியை இலக்கின் பக்கமே வைத்து முப்பது நொடி பொறுத்துவிட்டுத் தோட்டாவை வெளியே எடுங்கள். தாமதமாக வெடிப்பதும் உண்டு. வெடித்த சத்தம் வழக்கத்தைவிட மெலிதாக 'புஸ்' என்று கேட்டால் அடுத்ததைச் சுடவே சுடாதீர்கள். குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். காலி செய்துவிட்டுக் குழலைச் சோதியுங்கள்.

சத்தம் குறைவு என்று காதுக்கவசத்தை விட்டுவிடாதீர்கள். .22 கைத்துப்பாக்கியின் வெடிச்சத்தமும் 140 டெசிபலைத் தாண்டும், அது காதைக் கெடுக்கப் போதும். இரும்புத் தகடு வேண்டும் என்றீர்கள்: பள்ளம் விழாத, கடினமான, சற்றே முன்பக்கம் சாய்ந்த தகடாக இருக்கட்டும், ரேஞ்ச் சொல்லும் தூரத்துக்கு அருகே போக வேண்டாம், பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் சுடவே வேண்டாம். பெரும்பாலான .22 குண்டு ஈயம்தான், சுட்டு முடித்ததும் சாப்பிடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

முன் சைட்டைத் தெளிவாகப் பார்க்கக் கண் ஒத்துழைக்காத வயது என்றால், தயங்காமல் மேலே ரெட் டாட் (சிவப்புப் புள்ளியை வைத்துக் குறிபார்க்கும் கருவி) பொருத்த வசதியுள்ள மாடலாக வாங்குங்கள். உரிமம், மேகசின் கொள்ளளவு, வீட்டில் பூட்டிவைக்கும் முறை இவற்றில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு சட்டம். அதை வாங்கும் முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

வாங்குவதற்கு முன் ஒரு நாள் ரேஞ்சில் இரண்டு ஜாதியிலும் ஒவ்வொன்றை வாடகைக்கோ இரவலுக்கோ எடுங்கள். ஏழு மீட்டரில் காகிதம் மாட்டி, மேகசினில் ஐந்தைந்தாகப் போட்டு, ஒவ்வொன்றிலும் ஐம்பது சுடுங்கள். கடைசிப் பத்தை மட்டும் தனிக் காகிதத்தில் சுட்டு, தேதியும் மாடல் பெயரும் எழுதி இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்தச் சின்ன மாடல் அப்போதும் பிடித்திருந்தால் அதையே வாங்குங்கள்.